விசுவாசிகள் ஏன் விலகவில்லை? ஜோன்ஸ்டவுனின் உளவியல்

[திரையில்: கயானாவின் வரைபடம், காட்டின் நடுவே ஒரு குடியிருப்பு]

1978 நவம்பர் 18 அன்று, தென் அமெரிக்காவின் கயானா நாட்டில், காட்டுக்குள் அமைந்திருந்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில், ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போதகரின் கட்டளைப்படி 900-க்கும் மேற்பட்டோர் சயனைடு நஞ்சால் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 300 பேர் சிறுவர் சிறுமியர். அவர்களுக்கு நஞ்சை மறுக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. பெரியவர்களைப் பற்றி, "இத்தனை பேருமா அறிவை இழந்தார்கள்?" என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி இறந்தவர்களை அவமதிப்பதோடு, நடந்ததைப் புரிந்துகொள்ளவும் தடையாக நிற்கிறது.

[திரையில்: 1950-களின் இண்டியானாபொலிஸ், அமெரிக்கா]

வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனியே வழிபட்டுவந்த காலத்தில், இரு இனத்தாரையும் ஒரே சபையில் அமரவைத்தவர் ஜோன்ஸ். 'பீப்பிள்ஸ் டெம்பிள்' என்ற அவருடைய சபை முதியோரைப் பராமரித்தது, ஏழைகளுக்கு உணவளித்தது. 1976-இல் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகமே அவரை வீட்டுவசதி ஆணையத்தில் நியமித்தது. சமத்துவத்தை நாடி அங்கே சேர்ந்தவர்களிடம் குறை காண எனக்கு மனம் வரவில்லை.

சேர்ந்த பிறகுதான் கேட்பது கூடிக்கொண்டே போனது. வருமானத்தில் ஒரு பங்கு காணிக்கையாகத் தொடங்கி, வீடு, சொத்து, ஓய்வூதியக் காசோலை என்று வளர்ந்து, சபை நடுவே தண்டனை பெறுவதையும் ஏற்கும் நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது. உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் விளக்கிய கோட்பாட்டின்படி, ஆழ்ந்த நம்பிக்கையும் கண்ணெதிரே தெரியும் உண்மையும் மோதும்போது, அந்த மனவேதனையைத் தணித்துக்கொள்ள மனிதர் பல நேரங்களில் உண்மைக்கு வேறு விளக்கம் தேடிக்கொள்கிறார்கள். வீட்டை விற்றுக் கொடுத்தவருக்கு, தலைவர் வஞ்சகர் என்று ஒப்புக்கொள்வது தம் வாழ்க்கையையே வீணென்று ஒப்புக்கொள்வதாகிவிடும். அதனால்தான், நோய்களைக் குணமாக்குவதாக ஜோன்ஸ் சபையில் காட்டிய அற்புதங்கள் நாடகம் என்று அறிந்த சிலர்கூட, நோக்கம் நல்லதென்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு உடனிருந்தார்கள்.

[திரையில்: ஒலிபெருக்கி]

பின்னர் சபையார் அமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்த ஜோன்ஸ்டவுனில் அவர்களின் கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன. ஆயுதக் காவல் இருந்தது. ஒலிபெருக்கியில் ஜோன்ஸின் குரல் ஓயாமல் ஒலித்தது. நஞ்சு என்று சொல்லிப் பானத்தைக் கொடுத்து, குடித்த பின், அது விசுவாசத்துக்கான சோதனை என்று அறிவித்த ஒத்திகையும் நடந்தது. ஒருமுறை பணிந்தவருக்கு மறுமுறை மறுப்பது இன்னும் கடினமாயிற்று.

இறுதி நாளின் ஒலிப்பதிவு சுமார் 44 நிமிடங்கள் நீள்கிறது. குழந்தைகளுக்கு வாழும் உரிமை உண்டு என்று அதில் கிறிஸ்டின் மில்லர் என்ற பெண்மணி துணிந்து வாதிடுகிறார். ஜோன்ஸ் அவருக்கு வாதமாகவே பதிலளிக்கிறார். கூச்சலிட்டு அவரை அடக்கியவர்களோ, அவரைப் போலவே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அங்கே வந்திருந்த சக விசுவாசிகள்.