கோணல் கூடத்தில் ஆடிய சூர்யா

(குன்னூரில் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, அருவங்காட்டிலிருந்து இந்த மழையிலும் வந்து சேர்ந்த தமிழாசிரியர் ஐயா அவர்களே, எனக்குச் சால்வை வேண்டாம் என்றதும் அந்தப் பணத்துக்கு நூலகத்துக்குப் புத்தகம் வாங்கித் தந்த தேயிலை வியாபாரி அண்ணன் அவர்களே, தேயிலைத் தோட்ட லயன் வீடுகளிலிருந்தும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு விளையாட்டு வீராங்கனையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் பிரான்ஸ் நாட்டு வீராங்கனையான சூர்யா போனாலியை எடுத்துக்கொண்டேன். பிறப்பு, போட்டி, ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை என்று மூன்று பகுதியாகச் சொல்கிறேன்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று ஒரு பழமொழி உண்டு. உடற்கல்வி ஆசிரியையாக நான் இருந்த 31 ஆண்டுகளில், தோற்று அழுத பெண்பிள்ளைகளைப் பார்த்து யாராவது ஒருவர் இதைச் சொல்லாத வருடம் இல்லை. கூடம் நிஜமாகவே கோணலா என்று குனிந்து பார்த்தவர்கள் குறைவு.

சூர்யா 1973 டிசம்பரில் நீஸ் நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தத்தெடுத்து, நம் சூரியனின் பெயரையே வைத்தார்கள். வளர்த்த தாய் உடற்கல்வி ஆசிரியை. எனக்கு அதில் தனிப் பெருமை. முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ், அப்புறம் பனித்தளம். பிரான்ஸில் தொடர்ந்து 9 முறை சாம்பியன், 1991 முதல் 1995 வரை ஐரோப்பிய சாம்பியன். 1992 ஆல்பர்ட்வில் குளிர்கால ஒலிம்பிக்கில் எல்லா வீரர்கள் சார்பிலும் உறுதிமொழி எடுத்தவரும் அவர்தான்.

உலகப் போட்டியில் மட்டும் 1993, 1994, 1995 மூன்று வருடமும் வெள்ளி. 1994-இல் ஜப்பானின் சிபா நகரில் ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் யூகா சாட்டோ பக்கம், நான்கு பேர் சூர்யா பக்கம். பரிசு மேடையில் ஏறி நிற்க மறுத்தார். பிறகு கழுத்தில் போட்ட வெள்ளிப் பதக்கத்தையும் கழற்றிவிட்டார். கூட்டம் கூச்சல் போட்டது. அன்றும் பழமொழி சொல்ல ஆள் இருந்திருக்கும். யூகா சாட்டோவும் நன்றாகவே ஆடினார், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சூர்யா கறுப்பினப் பெண்; பனித்தளத்தில் கறுப்பினப் பெண்கள் அபூர்வமாக இருந்த காலம் அது. நளினம் போதாது, பலம்தான் தெரிகிறது என்று ஓயாமல் குறை சொன்னார்கள். அந்த அளவுகோல் கோணல் என்பதே என் கருத்து.

1996-இல் குதிகால் தசைநார் அறுந்தது. அந்தக் காலோடு 1998 நகானோ ஒலிம்பிக்குக்கு வந்தார். பதக்கம் கிடைக்காது என்று தெரிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? பின்பக்கமாகப் பல்டி அடித்து, ஒற்றைக் காலில் இறங்கினார்! 1976-க்குப் பிறகு தடை செய்யப்பட்டிருந்த பல்டி அது. மதிப்பெண்ணைக் குறைத்தார்கள், பத்தாவது இடம். ஆட்டத்தை முடிக்கும்போது நடுவர்களுக்கு முதுகைக் காட்டி, மக்களைப் பார்த்து நின்றார். 2024-இல் அந்தத் தடையையே நீக்கிவிட்டார்கள். 26 வருடம் கழித்து!

இங்கே நம் ஊர்க் கதை ஒன்று சொல்லியாக வேண்டும். என் அண்ணன் மகளுக்கு அப்போது பத்து வயது. சக்கரம் வைத்த ஸ்கேட்டிங் ஷூ ஒன்று எப்படியோ கிடைத்தது. ஓட்ட இடம்? மேட்டில் ஓட்டினால் பள்ளத்தில் போய் நிற்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டோம், தரையில் கீறல் விழும் என்று விரட்டினார்கள். கடைசியில் ஒரு ரேஷன் கடைத் திண்ணை. கடை மூடியிருக்கும் நாளில் பதினைந்தடி போவாள், திரும்புவாள். ஒருநாள் கடை விடுமுறை என்று தெரியாமல் ஒரு பாட்டி மண்ணெண்ணெய் கேனோடு வந்துவிட்டார். "பொட்டப்புள்ள காலு ஒடிஞ்சா யாருடி கட்டுவான்?" என்று கத்தினார். இவள் பயந்துபோய் நிலைதடுமாறி, ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். பாட்டி கேனைக் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். "இன்னொரு தடவ சுத்து கண்ணு" என்றார்! அடுத்த வாரம் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வாரம் திண்ணையில் ஏழு பிள்ளைகள். அந்த மாதமே திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

தலைவர் அவர்களே, தலைக்குந்தாவில் உறைபனி விழும் காலையில் புல் வெள்ளையாகிறது, பத்து மணிக்குள் உருகிவிடுகிறது. பனித்தளம் கேட்க நான் வரவில்லை. சூர்யா ஆடிய ஆக்செல், சால்கோ என்ற சுழன்று தாவும் ஆட்டங்களைச் சக்கர ஷூவிலும் ஆடலாம். அதற்கு வேண்டியது வழவழப்பான சிமென்ட் தளம், இரண்டு பருவமழையும் நனைக்காதபடி மேலே ஒரு கூரை, சுற்றிக் கைப்பிடிக் கம்பி. இந்த மலையில் சமதளம் தங்கத்துக்குச் சமம், எனக்குத் தெரியும். கார் நிறுத்த மண்ணை வெட்டிச் சமன் செய்கிறோமே, பிள்ளைகளுக்கு ஒன்று செய்யக்கூடாதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், சரி. கூடமே இல்லாதவள் என்ன சொல்வாள்?

சூர்யா பிறகு அமெரிக்கக் குடிமகளாகி, இன்று பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார். மூன்றாவது பகுதியில் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் மேல் லயனுக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கு. வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட்டால் அந்த ஏழு பிள்ளைகளும் இரண்டாவதாகப் போடக் காத்திருக்கிறார்கள். வணக்கம்.