எங்கள் பல்கலைக்கழகத்தின் நிறங்கள் எனக்குப் பிடிக்கவில்லை

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். நான் படிக்கிற பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ நிறங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. காப்பிக் கலரும் வெளிர் மஞ்சளும். இதோ இந்த ஹூடியைப் பாருங்கள், வெளிச்சத்துக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், தெரிகிறதா? எனக்கு அங்கே படிப்பு பிடிக்கும், ஆசிரியர்களைப் பிடிக்கும், ராத்திரி வரைக்கும் நூலகத்தில் உட்கார்ந்திருப்பது ரொம்பவே பிடிக்கும், ஆனால் இந்த இரண்டு நிறங்களையும் ஒன்றாகப் பார்த்தால் மனசு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

இதைச் சொன்னாலே சிலருக்குக் கோபம் வந்துவிடுகிறது. படிக்கிற இடத்தின் மேல் மரியாதை இல்லையா என்று கேட்கிறார்கள். மரியாதை நிறையவே இருக்கிறது. அந்த இடத்தின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு நடக்க ஆசை, அதனால்தான் அது எந்த நிறத்தில் இருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிடிக்காத இடமாக இருந்தால் நிறத்தைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

சரி, இந்த நிறங்களெல்லாம் எங்கிருந்துதான் வந்தன என்று தேடிப் படித்தேன். நாம் நினைக்கிற மாதிரி யாரோ பெரியவர்கள் கூடி, அர்த்தமெல்லாம் யோசித்து முடிவெடுத்த விஷயம் இல்லை இது. பல இடங்களில் தொடக்கம் படகுப் போட்டிதான். 1836இல் ஆக்ஸ்ஃபோர்டோடு மோதப் போன கேம்பிரிட்ஜ் படகின் முனையில் ஒரு வெளிர் நீல ரிப்பனைக் கட்டினார்கள், அதுவே அவர்களுடைய நிறமாக நிலைத்துவிட்டது. ஹார்வர்டு மாணவர்கள் 1858இல் ஒரு படகுப் போட்டிக்கு, கரையில் நிற்பவர்களுக்குத் தங்கள் அணி தனியாகத் தெரியட்டும் என்று சிவப்புக் கைக்குட்டை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சிவப்பைப் பல்கலைக்கழகம் முறைப்படி தன் நிறமாக அறிவித்தது 1910இல்தான். அவசரத்தில் மாணவர்கள் வாங்கிய ஒரு துணி, அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் கதை. 1870களின் தொடக்கத்தில் அவர்களுடைய நிறங்கள் ரோஸும் பட்டாணிப் பச்சையும், அப்புறம் கொஞ்ச நாளிலேயே அது ரோஸும் வான நீலமும் ஆனது. 1889இல் ஒரு விளையாட்டுப் போட்டியில் ஜெயித்தார்கள். ஆனால் அந்த ரிப்பன்களைக் கட்டிக்கொண்டு கொண்டாட மாணவர்களுக்கே சங்கடமாக இருந்திருக்கிறது. முணுமுணுத்துவிட்டு விட்டுவிடவில்லை அவர்கள், பல்கலைக்கழகத் தலைவரிடமே போய்ச் சொன்னார்கள், அவரும் காது கொடுத்துக் கேட்டார், வேறு நிறம் தேட ஒரு குழு அமைந்தது, 1890இல் ஆரஞ்சு வந்தது. இன்றைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தை ஆரஞ்சு இல்லாமல் யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. சிகாகோவிலும் முதலில் மஞ்சள்தான், சீக்கிரம் அழுக்காகிறது என்று 1894இல் மெரூனுக்கு மாறிவிட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் நிறங்கள் ஆரஞ்சும் கறுப்பும், அதில் ஆரஞ்சு நசாவ் என்ற ஐரோப்பிய அரச குடும்பத்தை நினைத்து எடுத்தது. அங்கே ஒரு கலை வரலாற்றுப் பேராசிரியர், அந்தக் குடும்பத்தின் உண்மையான நிறங்கள் ஆரஞ்சும் நீலமும்தான், கறுப்பு தப்பு என்று ஆதாரத்தோடு வாதாடினார். 1896இல் நிர்வாகம் அதை ஏற்காமல் ஆரஞ்சும் கறுப்புமே போதும் என்று முடிவு செய்தது, ஏனென்றால் மாணவர்களும் விளையாட்டு வீரர்களும் அதற்குள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டுவிட்டார்கள். அது நியாயமான காரணம் என்றே நினைக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்திலும் மாணவர்கள் அப்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்ட நிறமாக இருந்திருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். ஆனால் விளையாட்டு மைதானத்தில் பாருங்கள், பாதிப் பேர் கறுப்பு டீ-ஷர்ட்டில்தான் நிற்கிறார்கள்.

அழகை விடுங்கள், உபயோகத்திலும் இந்த வெளிர் மஞ்சள் தொல்லைதான். இணையத்தில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று அணுகல்தன்மை விதி, அதாவது பார்வை குறைந்தவர்களும் படிக்க முடியவேண்டும் என்பதற்கான விதி, சொல்கிறது. வெள்ளைப் பக்கத்தில் எங்கள் மஞ்சளை வைத்தால் அது ஒன்றரையைக்கூடத் தொடாது. தேர்வு அறிவிப்பின் தலைப்பை அந்த நிறத்தில் போடுகிறார்கள், பார்வை குறைந்த ஒரு மாணவர் அதை எப்படிப் படிப்பார்? எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் இதுதான். அப்புறம் ஹூடியில் ஒரு மஞ்சள், ஜெர்சியில் ஒரு மஞ்சள், பேனரில் வேறொரு மஞ்சள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நிலையான எண் தருகிற பான்டோன் முறையில் எண் ஒன்றைக் குறித்து அச்சகத்துக்கும் துணி தைப்பவர்களுக்கும் கொடுத்திருந்தால் இந்தக் குழப்பமே வராது, அந்த முறை 1963இலிருந்து இருக்கிறது.

அதனால் மாணவர் பேரவைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். காப்பிக் கலர் இருக்கட்டும், பழைய மாணவர்களின் பட்டமளிப்புப் படங்களிலெல்லாம் அது இருக்கிறது, அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மஞ்சளை மட்டும் மாற்றுங்கள். புதிதாக வருகிற நிறத்தைத் துணியில் அடித்துத் துவைத்துப் பாருங்கள், திரையில் வைத்துப் படித்துப் பாருங்கள், அப்புறம் இப்போது படிக்கிறவர்களிடம் வாக்கு எடுங்கள். இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். என்னுடைய தேர்வு அடர்ந்த மயில் நீலம். எங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், மஞ்சளே இருக்கட்டும் என்று நினைத்தாலும் சரி, காரணத்தோடு எனக்கு எழுதுங்கள், மனுவோடு அதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.