முப்பத்தொன்பதாம் நம்பரைத் தேடிப் போன வண்டி

நடுவர் அவர்களே, மேசைக்கு அடியில் இப்போதும் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம்.

1939-இல் கம்பன் கழகம் பிறந்த ஊர் இது. பட்டிமன்றத்தைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோன அடிகளாரின் குன்றக்குடி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இங்கே மைக்கைப் பிடித்தால் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். ஆனால் தலைப்பைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. "பள்ளித் தோழமையை மீட்டுத் தருவது வாட்ஸ்அப் குழுவா, வண்டிப் பயணமா?" நான் வண்டியில் ஏறிவிட்டேன் ஐயா.

எதிரணித் தலைவர் தன் குழுவைப் பற்றிப் பேசினார். ஒரு நண்பருக்கு ஆபரேஷன் என்றதும் ஒரே நாளில் பணம் சேர்த்தோம் என்றார். நல்ல காரியம், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காராமல் வள்ளுவரைக் கூப்பிட்டார். "புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான் நட்பாம் கிழமை தரும்." பார்க்கவே வேண்டாம், உணர்ச்சி போதும், சோழ மன்னன் கோப்பெருஞ்சோழனும் புலவர் பிசிராந்தையாரும் நேரில் பார்க்காமலே நண்பர்கள் என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாரே, நடுவர் அவர்களே! பார்க்காமல் இருந்தது வாஸ்தவம். ஆனால் சோழன் பிள்ளைகளோடு மனம் கசந்து, வடக்குப் பார்த்து உட்கார்ந்து உண்ணாமல் உயிரை விடத் துணிந்து வடக்கிருந்தபோது என்ன சொன்னான்? "ஆந்தை வருவான், அவனுக்கு இடம் வையுங்கள்" என்றான். ஆந்தையாரும் பாண்டிய நாட்டிலிருந்து கிளம்பி வந்தார். வந்து, நண்பன் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். உணர்ச்சி மட்டும் போதுமென்றால், கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுத் தன் ஊர் பிசிரிலேயே படுத்திருக்கலாமே! சோழனின் உறையூருக்கு நம்ம சீமை வழியாகத்தான் நடந்திருப்பார் என்று எனக்கு ஒரு நப்பாசை. ஆதாரம் கேட்காதீர்கள்.

ஆந்தையாருக்கு நரையே இல்லையாம், ஊரே ஆச்சரியப்பட்டுக் கேட்டதாம். எங்கள் வண்டியில் ஏறிய ஆறு பேரில் மூன்று பேர் டை, இரண்டு பேர் மருதாணி, ஒருத்தி மட்டும்தான் உண்மை.

அந்த வண்டிக் கதைக்கு வருகிறேன். நாங்கள் 1988-இல் இதே காரைக்குடியில் பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள். எங்களுக்கும் ஒரு குழு இருக்கிறது, பெயர் "88 செட்". அதில் ஒரே ஒருத்தி மட்டும் இல்லை. எங்களுக்கு அவள் "முறுக்கு". டப்பாவில் தினமும் அதைத்தான் கொண்டு வருவாள், நாங்கள்தான் தின்போம். அவளை எங்கே தேடுவது? ஆம்பிளைகளுக்கு இது புரியாது ஐயா. உங்களுக்குப் பிறந்ததிலிருந்து ஒரே இனிஷியல். எங்களுக்குத் தாலி ஏறினால் இனிஷியல் மாறும், ஊர் மாறும், சில வீடுகளில் கூப்பிடுகிற பேரே மாறும். முறுக்கின் பேரைப் போட்டுத் தேடினால் ஒரு சினிமா நடிகைதான் வந்து நிற்கிறாள். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் 1024 பேரைச் சேர்க்கலாமாம். நம்பர் தெரிந்தால்தானே சேர்ப்பீர்கள்?

போன தை மாசம் திருச்சியில் ஒரு வேன் பிடித்தோம். அங்கிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆனது. புதுக்கோட்டை தாண்டுகிற வரைக்கும் ஒரே கூச்சல். டிரைவர் தம்பி பாட்டை நிறுத்திவிட்டு எங்களைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

திருமயத்தில் கோட்டைப் பைரவருக்கு முன்னால் நிறுத்தித் தேங்காய் உடைக்க அவர் இறங்கிப் போனார். அந்தப் பத்து நிமிஷத்தில், பின் சீட்டில் ஜன்னலோரம் இருந்த எங்கள் லீடர் திடீரென்று பேச ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் தவறி மூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்குக் குழுவில் நாற்பத்தாறு கைகூப்பல் வந்தது. அதற்கு அடுத்த செய்தி, அன்றைய தங்கம் விலை. யாரையும் குற்றம் சொல்லவில்லை, நானும் கைகூப்பினவள்தான். ஆனால் அந்த ராத்திரி என்ன நடந்தது, ஆஸ்பத்திரி வாசலில் அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்பதெல்லாம் எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். "இதையெல்லாம் எப்படிடி டைப் பண்றது?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். டிரைவர் தம்பி தேங்காய் மூடியோடு வந்தார், எங்களைப் பார்த்தார், இன்னொரு டீ குடிக்கப் போய்விட்டார். நல்ல பிள்ளை.

அடுத்து கானாடுகாத்தான். முறுக்கின் அம்மா அங்கே ஒரு பெரிய வீட்டில் சமையலுக்கு இருந்தார்கள் என்பது மட்டும்தான் எங்கள் கையில் இருந்த முகவரி. அந்த ஊர்ப் பெரிய வீடுகள் உங்களுக்குத் தெரியாததா? முகப்பு ஒரு தெருவில், வளவு, ரெண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருந்து, பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நாங்கள் முகப்பில் நின்று தட்டு தட்டென்று தட்டினோம். வாட்ச்மேன் பெரியவர் பின் தெரு வழியாகச் சுற்றி வந்து, "ஆச்சியெல்லாம் சென்னையில இருக்காக, நீங்க யாரு?" என்றார். விஷயத்தைச் சொன்னோம். பேர் சொன்னோம், தெரியவில்லை. சமையல்காரம்மா மகள் என்றதும், "பலகாரம் போடுற புள்ளையா? இந்தப் பக்கமே போங்க, எண்ணெய் வாசம் வர்ற வீடு" என்றார்.

எதிரணியில் ஒருவர் கூகுள் மேப்பை ரொம்பப் புகழ்ந்தார். அதில் வாசம் வருமா, நடுவர் அவர்களே? ஐம்பது தாண்டிய ஆறு பெண்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு சந்துக்குள் போனோம். மூன்றாவது வீடு. கல்யாண ஆர்டர்போல, வாசலிலேயே பெரிய அடுப்பு. ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தாள். நான் குரல் கொடுத்தேன். திரும்பினாள். முழங்கை வரைக்கும் மாவு. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பேர் வரவில்லை அவளுக்கு. உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் சொன்னாள்: "நாப்பது!"

எங்கள் வகுப்பில் வருகைப் பதிவேட்டு எண் அது. அவள் முப்பத்தொன்பது, நான் நாற்பது. தினமும் அவள் "உள்ளேன் டீச்சர்" சொன்ன பிறகுதான் நான் சொல்வேன். முப்பத்தேழு வருஷம் கழித்து என் பேரை மறந்துவிட்டாள், எனக்கு முன்னால் தான் நிற்கிறோம் என்பதை மறக்கவில்லை.

"எண்ணெய் காயுதுடி, அழுவுறத அப்புறம் வச்சுக்கலாம், ஆளுக்கு ஒரு கை போடுங்க" என்றாள். ஒருத்தி பட்டுச்சேலையோடு உட்கார்ந்து சீப்பு சீடை சுருட்டினாள். அவள் வங்கியில் மேனேஜர்! ஏண்டி போன்கூட வச்சுக்கல என்று கேட்டால், பட்டன் போனைக் காட்டுகிறாள். "மாவுக் கையால தேய்க்கிற போன் எனக்கு எதுக்கு?"

எதிரணி சொன்னதில் இன்னும் ஒரு வாதத்துக்குப் பதில் பாக்கி இருக்கிறது. "உங்கள் பயணத்துக்குத் தேதி குறித்ததே வாட்ஸ்அப்பில்தானே" என்றார்கள். ஆமாம், குறித்தோம். பத்திரிகை வந்ததால் பந்தி சாப்பிட்டதாக ஆகுமா?

மறுநாள் முறுக்கையும் ஏற்றிக்கொண்டு, பூப்போட்ட தரைக்கல்லுக்குப் பேர்போன ஆத்தங்குடி போனோம். சின்ன வயசில் அந்தத் தரையில் வழுக்கி விளையாடினோமே தவிர, கல் செய்கிறதைப் பார்த்ததில்லை. ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கரண்டியால் சாயக் கலவையை ஊற்றுகிறார் அந்த அண்ணன். அச்சை மெல்லத் தூக்குகிறார், நிறம் ஒன்றோடொன்று கலக்கவில்லை. மேலே சிமெண்டும் மணலும் போட்டு இறுக்குகிறார். அப்புறம் தண்ணீரில் ஊற வேண்டும், வெயிலில் காய வேண்டும். கடைசியில் கண்ணாடி தனியாக வந்துவிடும், பளபளப்பைக் கல்லில் விட்டுவிட்டு. முறுக்கு கேட்டாள், "கண்ணாடியிலேயே விட்டா என்னண்ணே?" அவர் சிரித்தார். "அப்படியே விட்டா அதுல யாரும்மா நடப்பா?"

எதிரணி நண்பர்களே, உங்கள் கையில் இருப்பதும் கண்ணாடிதான். பூ நல்லாத்தான் விழுந்திருக்கிறது, நான் மறுக்கவில்லை. எப்போது கழற்றப் போகிறீர்கள்?

நடுவர் மணி அடித்துவிட்டார், உட்கார்ந்துவிடுகிறேன். ஒரே ஒரு விஷயம் ஐயா. முன்வரிசையில் தூக்குவாளியோடு இருக்கிற அம்மாதான் எங்கள் முப்பத்தொன்பது. வாளியில் சீப்பு சீடை இருக்கிறது. தீர்ப்புக்கு முன்னால் தரக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், கேட்பாளோ என்னமோ. எதிரணிக்கும் சேர்த்துத்தான் சுருட்டியிருக்கிறாள்.