வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு விடியற்காலை

நான் சிறிது நேரம் பேசாமல் நிற்கிறேன். இந்தச் சத்தத்தை மட்டும் கேளுங்கள்.

கேட்டீர்களா? சந்தை கூடியதுபோல் இருக்கிறதல்லவா? வணக்கம் நண்பர்களே. காலை ஆறரை மணி, வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நிற்கிறேன். எதிரே இடுப்பளவு தண்ணீரில் நிற்பவை நீர்க்கடம்பு மரங்கள். கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ பூத்ததுபோல் தெரிகிறதே, அத்தனையும் பறவைகள்!

தாங்கல் என்றால் சிறிய ஏரி. இது சரணாலயம் ஆனதெல்லாம் பிறகுதான். முதலில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஏரி. பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழுகிறது. தழைச்சத்து கலந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாக ஆயக்கட்டு வயல்களுக்குப் பாய்கிறது. பறவை வந்தால் விளைச்சல் வரும் என்பது இந்த ஊருக்குப் பல தலைமுறைகளாகத் தெரியும்.

அதனால்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் நேரே கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ், இங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று கவுல், அதாவது எழுத்துமூலமான உறுதி ஆவணம், எழுதிக் கொடுத்தார். வனத்துறை என்ற ஒன்றே உருவாகாத காலம் அது! 1858-இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். இன்றும் இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 2022-இல் இந்த ஏரிக்கு, முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரப்படும் சர்வதேச ராம்சர் அங்கீகாரம் கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் நான் முதலில் கைகூப்புவது அந்த மனுவைச் சுமந்து போனவர்களைத்தான்.

இதோ, கேமராவை அந்தக் கூட்டுக்கு நெருக்குகிறேன். நத்தைகுத்தி நாரை. அலகை மூடிய பிறகும் நடுவில் ஓர் இடைவெளி தெரிகிறது, பாருங்கள். நத்தையின் ஓட்டுக்குள்ளிருந்து சதையை லாவகமாக உருவி எடுக்க ஏற்ற அலகு. பக்கத்திலிருக்கும் குஞ்சைப் பாருங்கள், அதன் அலகு நேராக மூடியிருக்கிறது. வளர வளரத்தான் அந்த இடைவெளி உண்டாகும். இப்போது தாய் குனிந்து இரையைக் கக்குகிறது... அடடா, மூன்று குஞ்சுகளும் ஒரே நேரத்தில் பாய்கின்றன!

அந்த நத்தை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இந்த ஏரியிலிருந்து இல்லை. சுமார் 30 ஹெக்டேர் ஏரி இத்தனை வாய்க்குச் சோறு போட முடியாது. இது அவற்றுக்குக் குடியிருக்கும் வீடு; இரை தேடுவது சுற்றிலும் இருக்கும் வயல்களிலும் குட்டைகளிலும்தான். 1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்ததன் அருமை இதில்தான் இருக்கிறது. 2020-இல் அந்த எல்லையைக் குறைக்கும் யோசனை வந்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வீட்டை விட்டுவைத்து அடுப்படியை இடிப்பதற்குச் சமம் அல்லவா அது?

வெயில் ஏறுகிறது. அதோ, ஒரு கூட்டம் வரிசை கட்டி வயல் பக்கம் கிளம்பிவிட்டது. நானும் கரையிறங்கி அந்த வரப்புக்குத்தான் போகிறேன். வாருங்கள்.