மருந்துப் பை எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற நர்ஸ். டர்பனில் பாலத்தடியிலும் ரயில் பாதை ஓரத்திலும் படுத்திருப்பவர்களைப் பார்க்க, வாரம் ஒரு காலை நாங்கள் மூன்று பேர் போகிறோம். "அங்கே போக பயமாக இல்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள், அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று வானொலி நிலையத்தார் சொன்னார்கள். சரி, பேசுகிறேன். அதற்கு முன்னால் ஒரு பையனுடைய புண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

அவன் சாட்ஸ்வொர்த் பையன். முப்பது வயது இருக்காது. 'சுகர்ஸ்' பழக்கத்தில் வீட்டை விட்டு வந்தவன். சாட்ஸ்வொர்த்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும் தாய்மார் எத்தனையோ பேர்; ஹெராயின் கலந்த தூள் அது. கெண்டைக்காலில் புண், அதன்மேல் பழைய துணி, துணியின் மேல் கடைப் பிளாஸ்டிக் பை, அதை ஷூ லேஸால் கட்டியிருந்தான். துணியை இழுத்தால் புதுச் சதையும் கூடவே வந்துவிடும். அதனால் உப்புநீரை ஊற்றி ஊற்றி, அது தானாக இளகும்வரை உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிஷம் ஆயிற்று. அப்போதுதான் அவன் இருமுவதைக் கவனித்தேன். எத்தனை நாளாக என்றேன். "ஒரு மாசம் இருக்கும் ஆன்ட்டி, குளிர்தானே" என்றான்.

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் தினமும் மாத்திரை. முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து, ரத்தம் என்று பயந்து நிறுத்தப் பார்த்தான். அந்த மருந்தின் நிறமே அதுதான். முன்கூட்டியே நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது மாத்திரை கொடுக்கும் முன்னால் எல்லாரிடமும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஏழாவது வாரம் போனால், அவன் இருந்த இடமே இல்லை. இடத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்து போர்வை, அட்டை, பிளாஸ்டிக் ஷீட் எல்லாவற்றையும் லாரியில் அள்ளிப் போயிருந்தார்கள். மாத்திரையும் கிளினிக் கார்டும் அடையாள அட்டையும் அதோடு போய்விட்டன. அவனைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால், அடுத்த முறை அந்த மருந்துக்கே கிருமி அடங்காமல் போகலாம். இருமலில் காற்று வழியே பரவும் நோய் இது; அவன் ஏறும் மினிபஸ் டாக்சியில்தான் நாமும் ஏறுகிறோம்.

இனி பயத்துக்கு வருகிறேன். தனியாகப் போவதில்லை. இருட்டிய பிறகு போவதில்லை. எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். யாருடைய பையிலும் கைவிட மாட்டோம், ஊசி கிடக்கலாம். கதவில்லாத இடமானாலும் வெளியே நின்று "சனிபோனானி" என்று ஜூலு மொழியில் வணக்கம் சொல்லிக் குரல் கொடுத்து, பதில் வந்த பிறகுதான் குனிவோம். பாலத்தடியும் ஒருவருடைய வாசல்தானே. சீருடைக்காரர்களோடு சேர்ந்து போவதும் இல்லை. ஒரு தடவை அப்படிப் போனோம். அதற்கப்புறம் ஒரு மாதம் யாரும் எங்களிடம் புண்ணைக் காட்டவில்லை.

ஆனால் உண்மையான ஆபத்து அங்கே தூங்குகிறவர்களுக்குத்தான். 2019இல் பிரிட்டோரியாவில் வீடற்ற ஐந்து ஆண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். பெண்கள் இரவில் விழித்திருந்து பகலில் தூங்குகிறார்கள். பலாத்காரம் நடந்தால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பீனிக்ஸ் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையில் இதற்கென்றே துதுசெலா மையம் இருக்கிறது. இதைப் பெண்களிடம் தனியாக, ஆண்கள் காதில் விழாமல் சொல்ல வேண்டும். அப்புறம் தீ. குளிருக்கு மெழுகுவர்த்தியோ பாரஃபின் அடுப்போ பற்றவைத்தால் பிளாஸ்டிக் உருகி மேலே விழுகிறது. தீக்காயத்துக்குப் பற்பசை போடாதீர்கள். இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். யாராவது எழுப்பியும் எழாமல் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸுக்கு 10177இல் கூப்பிடுங்கள்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 2020 ஊரடங்கில் டர்பனில் வீடற்றவர்களைக் கூடாரங்களில் தங்கவைத்தபோது, போதை நின்று துடித்தவர்களுக்கு, அந்தத் துடிப்பை அடக்கும் மெதடோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். சாப்பாடும் படுக்கையும் மருந்தும் ஒரே இடத்தில் கிடைத்தன. அதிலிருந்துதான் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கான பெல்ஹேவன் மையம் வந்தது. இம்மானுவேல் கதீட்ரல் பக்கத்தில் இருக்கும் டெனிஸ் ஹர்லி மையத்திலும் இவர்களுக்குக் கிளினிக் உண்டு.

கோயில்களில் அன்னதானம் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பூட்டுப் பெட்டி வையுங்கள். சாப்பிட வருகிறவர் தன் மாத்திரையையும் கார்டையும் அதில் வைத்துக்கொள்ளட்டும். கார்டைப் போனில் படம் பிடித்து வைத்தாலும் உதவும். லாரி வந்தால் அதையாவது அள்ள முடியாது.

அந்தப் பையனுக்கு அப்படி ஒரு இடம் கிடைத்தது. வார்விக் சந்தையில் காய்கறி விற்கும் ஒரு அம்மா, தக்காளிப் பெட்டிக்குப் பின்னால் அவன் மாத்திரை டப்பாவை வைத்திருக்கிறார். காலையில் கடை விரித்ததும் வருவான். அவர் எண்ணிக் கையில் கொடுப்பார், அவன் அங்கேயே நின்று விழுங்குவான். விட்டுப்போன நாட்களையும் சேர்த்தால் இன்னும் ஏழு வாரம் பாக்கி இருக்கிறது.