பனீர் தண்ணீரும் நிலக்கடலை ரைசோபியமும்

இந்த கேனில் இளம்பச்சையாகத் தெரிகிறது பாருங்கள், இது பனீர் பிழிந்த தண்ணீர். 100 லிட்டர் எருமைப்பாலைத் திரித்தால் பனீர் 20 கிலோ தேறும், மிச்சம் முழுக்க இதுதான். குளத்தில் விட்டால் மீன் மூச்சு முட்டிச் செத்துப்போகும். இதிலிருக்கும் சர்க்கரையைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்.

அந்தச் சர்க்கரைதான் எனக்கு ஆசை காட்டியது. ரைசோபியம் என்பது பயறுவகைச் செடிகளின் வேரில் முடிச்சுப் போட்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா. ஆய்வகத்தில் அதை வளர்க்க லிட்டருக்கு 10 கிராம் மானிட்டால் என்ற சர்க்கரை வகையைப் போடுவார்கள். இங்கே லிட்டருக்கு 45 கிராம் போல லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, சும்மா கிடக்கிறது!

முதல் தடவை செய்தது சுத்த முட்டாள்தனம். நிலக்கடலைக்கு விதைநேர்த்தி செய்ய வாங்கிய ரைசோபியத்தை அப்படியே கேனில் கொட்டி, வாயைத் துணியால் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் திறந்தால் புளித்த மோர் வாடை. தயிர் பாக்டீரியா பந்திக்கு முந்திவிட்டது. அது அமிலத்தைக் கக்கினால், நடுநிலையை விரும்பும் ரைசோபியம் எங்கே பிழைக்கும்?

அடுத்த தடவை ஒழுங்காகச் செய்தேன். கொதிக்கவைத்து, திரண்ட புரதத்தை வடிகட்டி, சமையல் சோடாவால் பிஎச்சை 7-க்குக் கொண்டுவந்து, குக்கரில் 20 நிமிடம். ஆறியபின் ரைசோபியம் விட்டேன். பாக்டீரியா பெருகினால் தண்ணீர் கலங்க வேண்டும். ஐந்து நாளாகியும் கலங்கவே இல்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. நிலக்கடலை வேரில் முடிச்சுப் போடுவது பிராடிரைசோபியம், மெதுவாக வளரும் வகை. லாக்டோஸ் போன்ற இரட்டைச் சர்க்கரை பொதுவாக அதன் வாய்க்கு எட்டாது. கனடாவில் இதைப் போன்ற பால் தெளிநீரில் ரைசோபியத்தைப் பெரிய அளவில் வளர்த்துக் காட்டி 1986-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆனால் அது குதிரைமசால் என்ற தீவனப் பயிருக்கு உரிய, வேகமாக வளரும் இனம்! பயிரைப் பார்க்காமல் காப்பியடித்தது என் தப்பு.

சரி, இப்போது லாக்டேஸ் நொதி சேர்த்து லாக்டோஸைக் குளுக்கோஸ், காலக்டோஸ் என்று பிரித்துவிட்டு முயலப்போகிறேன். இந்தத் தடவை கலங்கினாலும் வயலுக்குப் போகாது. கடையில் விற்கும் திரவ ரைசோபியத்தில் ஒரு மில்லிக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல் இருக்க வேண்டும் என்று உரக் கட்டுப்பாட்டு ஆணையே சொல்கிறது. கலங்கியிருப்பது ரைசோபியம்தானா, வேறு ஏதாவதா என்பதை வெறும் கண்ணால் சொல்ல முடியாது. ஒரு ஆய்வகத்தில் கொடுத்து எண்ணிப் பார்த்த பிறகுதான் விதையில் தொடுவேன்.

இந்தக் குக்கரை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். “நீயே வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டார்.