ஒரே ஒரு ‘வேர்’ (were) உங்களைப் பற்றி என்ன சொல்லிவிடும்? மிக்ஸ்டு கண்டிஷனல்ஸ் விளக்கம்

[திரையில் இரண்டு வாக்கியங்கள்]

இஃப் ஐ வேர் பிரேவ், ஐ வுட் ஹேவ் ஸ்போக்கன் அப் இன் தட் மீட்டிங்.

இஃப் ஐ ஹேட் பீன் பிரேவ், ஐ வுட் ஹேவ் ஸ்போக்கன் அப் இன் தட் மீட்டிங்.

வணக்கம் நண்பர்களே! இந்த இரண்டையும் நன்றாகப் பாருங்கள். இரண்டுமே இலக்கணப்படி சரி. இரண்டிலுமே அந்த ஆள் மீட்டிங்கில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இதில் ஒரு வாக்கியம், பேசுகிறவர் இன்றைக்கு எப்படிப்பட்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. எது என்று இப்போதே ஒரு முடிவு செய்து வையுங்கள். பதில் நடுவில் வரும். தள்ளிவிட்டு அங்கே போக வேண்டாம், அதற்கு முன்னால் வருகிற ஒரு நிமிடம் இல்லாமல் அந்தப் பதில் பிடிபடாது.

முதலில் பழைய பாடம், வேகமாக. ‘இப்படி நடந்தால் அப்படி ஆகும்’ என்று ‘இஃப்’ வைத்துச் சொல்லும் வாக்கியம்தான் கண்டிஷனல். பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகும்: ஜீரோ கண்டிஷனல். மழை பெய்தால் வீட்டிலேயே இருப்பேன்: ஃபர்ஸ்ட். எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்: செகண்ட். அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பியிருந்தால் ரயிலைப் பிடித்திருப்பேன்: தேர்ட். அவ்வளவுதான், இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

இந்த நான்கையும் மனப்பாடம் செய்து முடித்த பிறகு, பி2 எனப்படும் மேல்-இடைநிலைக்கு வரும்போது, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மிக்ஸ்டு கண்டிஷனல் என்று ஒன்று வந்து நிற்கும். ஐந்தாவதாக இன்னொரு சூத்திரம் என்று நினைத்து நிறைய பேர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். ஏனென்றால் இதில் புதிய சூத்திரம் எதுவுமே இல்லை. செகண்ட், தேர்ட் என்று எண் போட்டது பாடம் நடத்துவதற்காகச் செய்த ஏற்பாடு. ஆங்கிலம் பேசுகிற யாரும் எண்ணைப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பதில்லை.

அப்போது அவர்கள் என்ன செய்கிறார்கள்? வாக்கியத்தின் ஒவ்வொரு பாதியையும் தனியாக எடுத்து, ‘இது எப்போது?’ என்று பார்க்கிறார்கள். இதுதான் இந்த வீடியோவின் மொத்த விஷயமும்.

[திரையில் நான்கு கட்டங்கள்]

நடக்காத ஒன்றைக் கற்பனை செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இஃப்’ வரும் பாதி இப்போதைய நிலையைப் பற்றியது என்றால் பாஸ்ட் டென்ஸ்: ‘இஃப் ஐ நியூ’, ‘இஃப் ஐ வேர்’. முடிந்துபோன நேரத்தைப் பற்றியது என்றால் ‘ஹேட்’ போட்டு வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் (நோ, நியூ, நோன் என்ற வரிசையில் ‘நோன்’): ‘இஃப் ஐ ஹேட் நோன்’. விளைவைச் சொல்லும் பாதி இப்போது என்றால் ‘வுட்’ போட்டு முதல் வடிவம். அப்போது என்றால் ‘வுட் ஹேவ்’ போட்டு மூன்றாம் வடிவம். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. சேர்த்தால் நான்கு கட்டம். இரண்டு பாதியும் ‘இப்போது’ என்றால் செகண்ட் கண்டிஷனல். இரண்டும் ‘அப்போது’ என்றால் தேர்ட். மீதி இருக்கிற இரண்டு கட்டங்களுக்குத்தான் மிக்ஸ்டு என்று பெயர். செகண்டும் தேர்டும் தெரிந்த உங்களிடம் மிக்ஸ்டுக்கு வேண்டிய எல்லாத் துண்டுகளும் ஏற்கெனவே இருக்கின்றன.

சரி, முதல் வகை. காரணம் அப்போது, விளைவு இப்போது.

இஃப் ஐ ஹேட் ஸ்லெப்ட் வெல் லாஸ்ட் நைட், ஐ வுட் நாட் பீ டயர்ட் நவ்.

நேற்று இரவு நன்றாகத் தூங்கியிருந்தால், இப்போது களைப்பாக இருக்க மாட்டேன். தூக்கம் கெட்டது நேற்று, களைப்பு இன்று. தமிழில் இதைச் சொல்லும்போது நீங்கள் யாராவது நின்று யோசித்தீர்களா? இல்லை. ‘தூங்கியிருந்தால்’ என்பதற்கு நேராக ‘ஹேட் ஸ்லெப்ட்’, ‘இருக்க மாட்டேன்’ என்பதற்கு நேராக ‘வுட் நாட் பீ’. கிட்டத்தட்ட அப்படியே உட்காருகிறது.

ஆனால் ஓர் இடத்தில் தமிழ் நம்மைத் தடுக்கிவிடும். ‘அந்த வேலையை ஏற்றிருந்தால் இப்போது வெளிநாட்டில் இருந்திருப்பேன்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம், கேட்கிறவருக்கும் உறுத்தாது. அந்த ‘இருந்திருப்பேன்’ அப்படியே ஆங்கிலத்துக்குப் போய் ‘வுட் ஹேவ் பீன்’ ஆகிவிடும். ஆங்கிலக் காதுக்கு அது பழைய கதை மாதிரி ஒலிக்கும். அதனால் ஒரு சோதனை: ‘இப்போது’ என்று சேர்த்து, வெறும் ‘இருப்பேன்’ போட்டுப் பாருங்கள். ‘இப்போது வெளிநாட்டில் இருப்பேன்.’ பொருந்துகிறதா? அப்படியானால் ‘வுட் பீ’ போதும். இஃப் ஐ ஹேட் டேக்கன் தட் ஜாப், ஐ வுட் பீ லிவிங் அப்ராட் நவ். முடிந்தது.

இப்போது இரண்டாம் வகை, எனக்கு ரொம்பப் பிடித்த இடம். காரணம் இப்போதைய நிலை அல்லது எப்போதும் இருக்கிற குணம், விளைவு அப்போது. இது என்ன, நேரம் பின்னால் ஓடுகிறதா என்று கேட்பீர்கள். இல்லை. குணம் என்பது இன்றைக்குப் புதிதாக வந்ததில்லையே. அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அதனால்தான் இந்த வகையில் ‘இஃப்’ பாதியில் பெரும்பாலும் ‘பீ’, ‘நோ’, ‘ஹேவ்’, ‘லைக்’ போன்ற, நிலையைச் சொல்லும் வினைச்சொற்களே வரும்.

இப்போது ஆரம்பத்தில் பார்த்த வாக்கியங்களுக்கு வாருங்கள்.

[திரையில் மீண்டும் அந்த இரண்டு வாக்கியங்கள்]

‘இஃப் ஐ ஹேட் பீன் பிரேவ்’ என்றால், அன்றைக்கு, அந்த மீட்டிங்கில், எனக்குத் தைரியம் இல்லை. இன்றைக்கு எப்படி என்று வாக்கியம் எதுவும் சொல்லவில்லை. ஒருவேளை இப்போது மேடையேறி முழங்குகிற ஆளாகக்கூட இருக்கலாம். ‘இஃப் ஐ வேர் பிரேவ்’ என்றால் கதையே வேறு. நான் பயந்த சுபாவம் உள்ளவன், இன்றைக்கும் அப்படித்தான், அதனால்தான் அன்றைக்குப் பேசவில்லை. அந்த ‘வேர்’ இருக்கிறதே, அது நிகழ்காலத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே தன்னைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லிவிட்டது முதல் வாக்கியம்தான். சரியாகச் சொன்னவர்களுக்கு என் கைத்தட்டல்!

இதை வைத்து மனிதர்களைப் பற்றி எவ்வளவு நுட்பமாகப் பேசலாம் பாருங்கள். ஒருவர் நேற்று உங்களுக்கு உதவவில்லை. ‘இஃப் ஹி ஹேட் பீன் கைண்ட், ஹி வுட் ஹேவ் ஹெல்ப்டு யூ’ என்றால் நேற்று ஒருநாள் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிய புகார். ‘இஃப் ஹி வேர் கைண்ட்’ என்று தொடங்கினால் அவருடைய குணத்துக்கே தீர்ப்பு. நேரில் சொல்லும்போது ஜாக்கிரதை, நட்பே போய்விடும்!

தமிழில் இந்த வித்தியாசம் இவ்வளவு கறாராகத் தெரியாது. ‘எனக்குத் தைரியம் இருந்தால் பேசியிருப்பேன்’, ‘எனக்குத் தைரியம் இருந்திருந்தால் பேசியிருப்பேன்’, இரண்டையும் நாம் மாற்றி மாற்றிச் சொல்லுவோம். எனவே ஆங்கிலத்தில் பேசும்போது ஒரு நொடி நின்று, ‘இது இன்றைக்கும் உண்மையா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ‘வேர்’. அன்றைக்கு மட்டும் என்றால் ‘ஹேட் பீன்’.

இங்கே நிறைய பேர் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. நிகழ்காலத்தைப் பற்றிப் பேசும்போது எதற்கு ‘வேர்’, ‘நியூ’ என்று கடந்தகால வடிவம்? ஆங்கிலத்தில் அந்த வடிவம் நேரத்தில் மட்டும் தள்ளி வைப்பதில்லை, நிஜத்திலிருந்தும் தள்ளி வைக்கும். நடக்காததை ஒரு படி பின்னால் நிறுத்துகிறது. இது விசித்திரமாகத் தோன்றினால், நம் மொழியையே கவனியுங்கள். வா, வந்தேன், ‘நாளைக்கு வந்தால்’. போ, போனேன், ‘நாளைக்குப் போனால்’. படி, படித்தேன், ‘நாளைக்குப் படித்தால்’. நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்கிறோம், ஆனால் உள்ளே இருக்கிற வடிவம் நேற்று நடந்ததைச் சொல்லுகிற அதே வடிவம்! இதை முதலில் கவனிக்கும்போது வருகிற சந்தோஷமே தனி. என்ன, தமிழ் எல்லா ‘ஆல்’ வாக்கியத்துக்கும் அதே வடிவத்தை வைத்துக்கொள்கிறது. ஆங்கிலம் நடக்காத கற்பனைக்கு மட்டும் அதைக் கொண்டுவருகிறது.

‘ஐ’ என்பதற்கு ‘வாஸ்’தானே வர வேண்டும், ‘வேர்’ எப்படி என்றால், அது பழைய ஆங்கிலத்தில் பரவலாக இருந்த சப்ஜங்க்டிவ், அதாவது கற்பனையையும் விருப்பத்தையும் சொல்லும் வடிவத்தின் மிச்சம். பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ என்பதும் சகஜம். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ‘வேர்’ எழுதிவிடுங்கள்.

அடுத்தது காதுக்கான வேலை. எழுத்தில் தெளிவாக இருப்பது பேச்சில் இப்படி ஆகிவிடும்:

இஃப் ஐட் டேக்கன் தட் ஜாப், ஐட் பீ லிவிங் அப்ராட் நவ்.

இரண்டு ‘ஐட்’. முதலாவது ‘ஐ ஹேட்’, இரண்டாவது ‘ஐ வுட்’. ஒலி ஒன்றேதான். எப்படிப் பிரிப்பது? பின்னால் வருவதைக் கேளுங்கள். மூன்றாம் வடிவம் வந்தால் அது ‘ஹேட்’. முதல் வடிவமோ ‘ஹேவ்’ என்பதோ வந்தால் ‘வுட்’. அப்புறம் ‘கம்’, ‘ரன்’, ‘புட்’ மாதிரி முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாகவே இருக்கிற சொற்கள் வரும். ‘இஃப் ஐட் கம் எர்லியர், ஐட் பீ சிட்டிங் இன் ஃப்ரன்ட்.’ இங்கே முதல் ‘ஐட்’ எது? ‘இஃப்’ பாதி, அதுவும் ‘எர்லியர்’ என்று முடிந்துபோன நேரம், ஆகவே ‘ஹேட்’. ‘இஃப் ஐ வுட் ஹேவ் கம்’ என்று சிலர் பேசக் கேட்டிருப்பீர்கள், தேர்வில் அதை எழுதினால் மதிப்பெண் போகும். அதேபோல் ‘வுட் ஹேவ்’ சுருங்கி வரும் ‘வுட்’வ்’ என்பது காதில் ‘வுட் ஆஃப்’ மாதிரி விழுவதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அப்படித் தப்பாக எழுதுவார்கள். நீங்கள் ‘ஹேவ்’ என்றே எழுதுங்கள்.

‘வுட்’ இருக்கும் இடத்தில் ‘குட்’, ‘மைட்’ தாராளமாக வரலாம், ‘இஃப்’ இல்லாமல் ‘ஹேட் ஐ டேக்கன் தட் ஜாப்’ என்றும் தொடங்கலாம்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘இஃப் ஷி லெஃப்ட் அட் சிக்ஸ், ஷி வில் பீ ஹியர் சூன்.’ இதிலும் இரண்டு காலம் இருக்கிறது, ஆனால் இது கற்பனை இல்லை. அவர் ஆறு மணிக்குக் கிளம்பினாரா என்று எனக்குத் தெரியாது, கிளம்பியிருக்கவும் கூடும். ‘இஃப் ஷி ஹேட் லெஃப்ட் அட் சிக்ஸ், ஷி வுட் பீ ஹியர் நவ்’ என்றால் அவர் கிளம்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் முறை. மூன்று சூழல் தருகிறேன். வீடியோவை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எழுதினால் இன்னும் நல்லது.

[திரையில்]

அவன் போன வருடம் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது கரையில் நிற்கிறான்.

எனக்கு ஞாபகசக்தி குறைவு. நேற்று உன் பிறந்தநாளை மறந்துவிட்டேன்.

அவளுக்குப் பிரெஞ்சு தெரியும். நேற்று வந்த கடிதத்தைப் படித்துவிட்டாள்.

மூன்றாவதில்தான் பலர் தடுமாறுவார்கள், அங்கே நடந்தது நல்லது, அதனால் கற்பனையில் எல்லாம் எதிர்மறையாகத் திரும்ப வேண்டும். பிரெஞ்சு அவளுக்கு இன்றைக்கும் தெரியும், கடிதம் படித்தது நேற்று. இஃப் ஷி டிடின்ட் நோ ஃபிரெஞ்ச், ஷி வுடின்ட் ஹேவ் பீன் ஏபிள் டு ரீட் த லெட்டர். முதல் இரண்டையும் கமெண்டில் எழுதுங்கள், நான் ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்தித் தருகிறேன்.